ஏழாம் எண் டிசைன்

டேட்டன், ஒஹாயோ
9 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்வீட்லின் எழுதுகிறேன். ஸ்தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காலையில் நடக்கப் போகிறீர்களா, அல்லது அதையும் விட்டுவிட்டீர்களா?

போன் இருக்கும்போது ஏன் மெயிலில் கடிதம் என்று நினைப்பீர்கள். சாரம்மாள் அக்கா போன பிறகு நாம் போனில் பேசிய ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுவிடுகிறது. எழுதினால் சொல்லி முடிக்கலாம்.

இங்கே சர்ச் மண்டபத்தில் ஒவ்வொரு அக்டோபரும் ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்கு முன்னால் கைவினைச் சந்தை நடக்கும். நான்கு வருடமாக அக்கா எம்பிராய்டரி போட்டு அனுப்பிய துண்டுகளையும் பைகளையும் வைத்துத்தான் அதில் எனக்கு ஒரு மேஜை. சந்தையை நடத்தும் அம்மாள் போன வாரம் முதியோர் இல்லத்துக்கு, என் வேலையிடத்துக்கே வந்து, இந்த வருடமும் மேஜை வேண்டுமா என்று கேட்டாள். யோசிப்பதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வேலைக்கு வெளியே இந்த ஊரில் யாராவது என் முன்னால் வந்து நின்று பேசுவது அந்த ஒரு நாள்தான்.

அக்காவின் மெஷினை உங்களால் ஓட்ட முடியுமா, அத்தான்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். பத்து டிசைன்கள் வாங்கி, எண் போட்டு இணைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஆறைத் தேர்ந்தெடுங்கள். சமையலறைத் துண்டு, மிட்டாய்ப் பை, இரண்டு மேஜை விரிப்பு, இவ்வளவுதான்.

இன்னொன்று. அக்டோபர் 28 வந்தால் அக்கா போய் ஒரு வருடம். அதற்குள் கல்லறையில் கல் வைத்துவிடுவீர்கள் அல்லவா? என்ன வசனம்? அடக்கத்துக்கு வர முடியாத எனக்கு அந்தக் கல்லின் படமாவது வேண்டும்.

கிங்ஸ்லி வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
ஸ்வீட்லின்

---

பாளையங்கோட்டை
21 ஜூன் 2024

அன்பு ஸ்வீட்லினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் வீட்டில் அனைவரும் நலம். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. நான் நலம். முழங்கால் பரவாயில்லை. நடக்கப் போகவில்லை.

மெஷின் மேல் மூடியிருந்த துணியை எடுத்தேன். வளையத்தில் ஒரு பள்ளிக்கூட பேட்ஜ் பாதி தைத்தபடி நின்றது. யாரும் கேட்டு வரவில்லை. என்றாலும் அதை முடித்துவிட்டுத்தான் உன் டிசைன்களைப் பென்டிரைவில் ஏற்றி மெஷினில் போட்டேன். சரியாகவே ஓடுகிறது. உன் அக்கா என்னைத் தொட விடமாட்டாள். ஆனால் பாபின் மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாற்றுவாள். அது இப்போது உதவுகிறது.

டிசைன்களை மூன்று நாள் பார்த்தேன். என் முடிவு இது. ஒன்றாம் எண் பூசணி முகம், அதில்லாமல் உங்கள் பண்டிகை இல்லை போலிருக்கிறது. இரண்டாவது வௌவால், நமக்குத் தெரிந்ததுதான். ஆற்றங்கரை மருத மரங்களில் தொங்குகிறவை இதைவிடப் பெரியவை. மூன்றாவது பூனை, நான்காவது ஆந்தை இரண்டும் இருக்கட்டும். ஒன்பதாவது சிலந்தி வலை, நூல் குறைவாகப் பிடிக்கும். பத்தாவது அடுப்பில் கொதிக்கிற கொப்பரை, சமையலறைத் துண்டுக்குப் பொருந்தும். ஆறு ஆயிற்று.

மற்றவை வேண்டாம். ஐந்தாம் எண் பேய் வெள்ளை, துண்டும் வெள்ளை. கண் மட்டும்தான் தெரியும். ஆறாம் எண் சூனியக்காரியின் தொப்பியைப் பார்த்தால் எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி இருக்கிறது. எட்டாம் எண் எலும்புக்கூட்டில் தையல் நெருக்கம் அதிகம். வீரவநல்லூர்க் கைத்தறித் துண்டு அதைத் தாங்காது, சுருங்கிவிடும்.

கல் விஷயம் செந்தூர்பாண்டியிடம் சொல்லியிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே கல் வெட்டுகிறவர்.

சகலை கிங்ஸ்லியை நானும் விசாரித்ததாகச் சொல். எந்த ஊருக்குப் போயிருக்கிறார்?

அன்புள்ள அத்தான்,
தேவசிகாமணி

---

டேட்டன்
3 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நடக்கப் போங்கள். மருந்துக்கு அடுத்தபடி அதுதான். நர்ஸ் சொன்னால் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். தொப்பி புனல்தான். இனி எனக்கு வேறு மாதிரித் தெரியாது. வௌவாலைப் பைகளில் போடுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். ஆந்தையைத் துண்டின் மூலையில். சிலந்தி வலை மேஜை விரிப்பின் நான்கு ஓரத்திலும் வரட்டும். துணிக்கு அடியில் தாள் வைக்க மறக்க வேண்டாம். அக்கா இரண்டு தாள் வைப்பாள்.

ஏழாம் எண்ணைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் எழுதவில்லையே? இங்கே அதைத்தான் அதிகம் கேட்பார்கள். நடுவில் பெயர் போட இடம் விட்டிருக்கும். வேடிக்கைக்குத் தங்கள் பெயரையோ மாமியார் பெயரையோ எழுதச் சொல்வார்கள். முடிந்தால் பன்னிரண்டு துண்டு போடுங்கள்.

வசனம் முடிவாயிற்றா?

அன்புடன்,
ஸ்வீட்லின்

---

பாளையங்கோட்டை
27 ஜூலை 2024

அன்பு ஸ்வீட்லினுக்கு,

உடம்பு சௌகரியமா? இங்கே காற்றுக்காலம். ஜன்னலைத் திறந்தால் நூல் அறை முழுவதும் பறக்கிறது, மூடினால் வேர்க்கிறது.

பூசணித் துண்டுகள் முடிந்துவிட்டன. படம் இணைத்திருக்கிறேன். நிறத்தில்தான் கொஞ்சம் யோசனை ஆயிற்று. நீ அனுப்பிய கோப்பில் எந்த இடத்தில் நூலை மாற்ற வேண்டும் என்று மெஷின் நிற்கிறதே தவிர, என்ன நிறம் என்று சொல்லவில்லை. டவுணில் நூல் கடை வைத்திருக்கும் சுஹைலிடம் கேட்டேன்.

"பூசணின்னா பச்சைதானே அண்ணாச்சி. புதுவீட்டு வாசல்ல கெட்டித் தொங்க விட்டிருக்கான்லா, முழிய உருட்டிக்கிட்டு? அதுக்கு மேல சாம்பல் பூத்தாப்ல கொஞ்சம் வெள்ளை. நாக்குக்குச் செவப்பு. மீசை உண்டா?"

"மீசை இல்ல."

"மீசை இல்லாம யாரு பயப்படுவா? நீங்க ஒண்ணு போட்டு விடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. மூக்குக்குக் கீழே தையலில் கறுப்பு மீசை சேர்த்துவிட்டேன்.

ஜெபசீலன் வந்திருந்தார். உனக்கு நினைவிருக்கும், சபைக் கமிட்டியில் என்னோடு இருந்தவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னவே இது, வீட்டுக்குள்ள உக்காந்து பேய் தைக்கீரு?"

"பேய் இல்லவே. பூசணிக்கா."

"பூசணிக்காய்க்கு எதுக்குவே பல்லு?"

"அமெரிக்காவுல மொளைக்குமாம்."

"பாஸ்டர் ஐயருக்குத் தெரிஞ்சா உம்மத் திருவிருந்துக்கு விடமாட்டாரு, பாத்துக்கிடும். கோயிலுக்கும் வாரதில்ல, கமிட்டிக்கும் வாரதில்ல. ஒத்தையில கெடந்து ஆந்தையும் வௌவாலும் தைக்கீரு. நல்லாவா இருக்கு?"

திட்டிவிட்டு, வௌவால் போட்ட பை ஒன்றைப் பேத்திக்கு என்று எடுத்துக்கொண்டு போனார். உனக்கு வரும் பைகளில் ஒன்று குறையும்.

கிங்ஸ்லி திரும்பிவிட்டாரா?

அன்புள்ள அத்தான்,
தேவசிகாமணி

---

டேட்டன்
29 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே பூசணி ஆரஞ்சு நிறம்! நிறப் பட்டியல் தனிக் கோப்பாக வந்தது, அதைச் சேர்த்து அனுப்ப நான்தான் மறந்தேன். படத்தைப் பார்த்ததும் சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு தையலையும் பிரிக்காதீர்கள். மீசையோடு அனுப்புங்கள். பார்ப்பதற்கு நம் ஊர் வீடு ஒன்று முறைப்பது போல இருக்கிறது.

இன்னொரு விஷயம். படத்தைச் சேமிக்க டிசைன் பக்கத்தைத் திறந்தேன். ஏழாவதைப் பார்த்தேன். இங்கே பல வருடமாகக் கடைகளில் பார்த்துப் பார்த்து எனக்கு அது ஒரு விளையாட்டுப் பொம்மை ஆகிவிட்டது. அது கல்லறைக் கல் என்பது இப்போதுதான் உறைத்தது. உங்களிடம் போய்ப் பன்னிரண்டு கேட்டிருக்கிறேன். மன்னியுங்கள், அத்தான். அது வேண்டாம்.

கல்லறையின் படம் ஒன்று அனுப்புங்கள். கல் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. இடத்தைப் பார்த்தால் போதும்.

அன்புடன்,
ஸ்வீட்லின்

---

பாளையங்கோட்டை
16 ஆகஸ்ட் 2024

அன்பு ஸ்வீட்லினுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறப் பட்டியல் கிடைத்தது. கொப்பரையும் பூனையும் அதன்படியே முடித்தேன். ஆந்தையின் கண்ணில் நூல் இரண்டு தடவை அறுந்தது, ஊசி மாற்றியபின் சரியாயிற்று.

படம் எடுக்க என் போன் தோதில்லை. பிறகு பார்க்கலாம்.

கிங்ஸ்லியைப் பற்றி நீ எழுதவில்லை. சுகமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள அத்தான்,
தேவசிகாமணி

---

டேட்டன்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கடைசிக் கடிதம் ரொம்ப மெலிந்து வந்தது.

பூசணியின் படம் எடுத்த போன் கல்லறைக்கு மட்டும் தோதில்லாமல் போகுமா? என்ன வசனம் என்று இரண்டு தடவை கேட்டேன். நீங்கள் ஆந்தையின் கண்ணைப் பற்றி எழுதுகிறீர்கள். கல் இன்னும் வைக்கவில்லை. நீங்கள் அங்கே போவதும் இல்லை. அப்படித்தானே? பதினான்கு வருடம் கல்லறைத் தோட்டக் கமிட்டியில் இருந்து, யார் யார் எந்த வரிசையில் என்று மனப்பாடமாகச் சொன்னவர் நீங்கள். கோபப்பட்டு எழுதவில்லை. என்னவென்று சொன்னால் நானும் சேர்ந்து யோசிப்பேன்.

பார்சலுக்காகச் சாப்பாட்டு மேஜையை முழுதாக ஒழித்து வைத்திருக்கிறேன். ஒருத்திக்கு மேஜையின் ஒரு மூலை போதும்.

அன்புடன்,
ஸ்வீட்லின்

---

பாளையங்கோட்டை
14 செப்டம்பர் 2024

அன்பு ஸ்வீட்லினுக்கு,

பார்சல் நேற்றுக் கூரியரில் போயிற்று. ஆறு டிசைனும் இருக்கின்றன. கூடவே ஏழாவதும் இருக்கிறது, நீ முதலில் கேட்ட பன்னிரண்டு துண்டு. வேண்டாம் என்று நீ எழுதிய பிறகுதான் அதைத் தைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சாம்பல் நிற நூல். மேலே வளைவு, நடுவில் இடம், அடியில் ஒரு வரிக்கு இடம். மெஷின் சுற்றிலும் தைத்துக்கொண்டே வந்து, அந்த இடங்களை மட்டும் விட்டுவிட்டு நின்றது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்று பட்டது.

செந்தூர்பாண்டியிடம் பிப்ரவரியிலேயே போனேன். கல்லும் பார்த்தாயிற்று. வசனம் உன் அக்காவுக்குப் பிடித்ததுதான், நீ அறிவாய். எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு,

"பேரு, பொறந்தது, நித்திரை அடைஞ்சது, வசனம் எல்லாம் சரி அண்ணாச்சி. அடியில என்ன போட?" என்றார்.

"அடியில என்ன?"

"யாரு வச்ச கல்லுன்னு போடணும்லா. கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள்னு வரும். அதுக்கு ஒரு வரி முழுசா விட்டிருக்கேன்."

"கணவர் தேவசிகாமணின்னு போடும்."

"பொறவு?"

"அவ்வளவுதான்."

"ஒத்தப் பேரா? வரி மொட்டையா நிக்குமே அண்ணாச்சி."

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. கல்லின் அளவைச் சொன்னார். பைய வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். அந்தத் தெருப் பக்கமே பிறகு போகவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். அவள் இருந்தவரை அதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். கல்லில் அதை நான் ஒருவனாக எழுத வேண்டியிருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் பேரையும் கிங்ஸ்லி பேரையும் போடட்டுமா? "கணவர் தேவசிகாமணி, தங்கை ஸ்வீட்லின், கிங்ஸ்லி." மூன்று பேர் என்றால் வரி நிறைந்துவிடும். கிங்ஸ்லியிடம் கேட்டுவிட்டு எழுது. வருட நாளுக்குள் வைக்க வேண்டுமானால் அக்டோபர் நடுவில் வெட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று செந்தூர்பாண்டி போனில் சொன்னார்.

அன்புள்ள அத்தான்,
தேவசிகாமணி

---

பாளையங்கோட்டை
7 அக்டோபர் 2024

அன்பு ஸ்வீட்லினுக்கு,

நலந்தானே? பார்சல் கையில் கிடைத்ததாகக் கூரியர்காரர்கள் சொல்கிறார்கள். உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

நான் கேட்டதில் உனக்கோ கிங்ஸ்லிக்கோ சங்கடம் இருந்தால் விட்டுவிடு. உயிரோடு இருக்கிறவர்கள் பேரைக் கல்லில் போடுவதைச் சிலர் விரும்புவதில்லை. செந்தூர்பாண்டி நேற்று வீட்டுக்கே வந்து, "முடிவு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

சந்தை சனிக்கிழமை. நன்றாக நடக்கட்டும்.

அன்புள்ள அத்தான்,
தேவசிகாமணி

---

டேட்டன்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். சந்தை நல்லபடியாக முடிந்தது.

வௌவால் பைகள் மத்தியானத்துக்குள் தீர்ந்தன. ஆந்தையும் போயிற்று. பூனை மூன்று மீதி. பச்சைப் பூசணியைப் பார்த்து ஒரு பெண், "இது என்ன, கோபமான தர்பூசணியா?" என்று கேட்டாள். புதுவீட்டில் ஏன் தொங்கவிடுவார்கள் என்று சொன்னேன். அவளுக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார், அவருக்குப் பின்னால் நின்றவரும். அன்றைக்கு நான் பேசியது இந்த வருடம் முழுவதும் பேசியதைவிட அதிகம். புதிதாக வீடு வாங்கிய மகளுக்கென்று ஒரு பெரியவர் இரண்டு வாங்கினார். மீசை வேண்டும், மீசை இல்லாதது வேண்டாம் என்றார்.

ஏழாம் எண் துண்டுகளை நான் வெளியே எடுக்கவில்லை. பன்னிரண்டும் என்னிடமே இருக்கின்றன.

உங்கள் கேள்விக்கு ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். தினமும் எழுத உட்கார்ந்தேன். பார்சல் வந்தது, துண்டுகள் அழகு என்று ஆரம்பிப்பேன். அடுத்து அந்த வரிக்கு வந்தாக வேண்டும் என்று மூடிவிடுவேன்.

கல்லில் என் பேரைப் போடுங்கள். எனக்குச் சங்கடம் இல்லை. அக்காவின் காலடியில் என் பேர் இருப்பதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேன்.

கிங்ஸ்லி பேர் வேண்டாம். கல்லில் வெட்டுவது நிலைக்க வேண்டும். அவரைப் பற்றி அப்படி என்னால் சொல்ல முடியாது. ஏப்ரலில் என்னை விட்டுப் போனவர்.

இதற்கு மேல் கேட்காதீர்கள், அத்தான்.

ஸ்வீட்லின்

---

பாளையங்கோட்டை
3 நவம்பர் 2024

அன்பு ஸ்வீட்லினுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளி உடுப்புகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்துக்கொள். நீ ஒருத்திதானே என்று சமைக்காமல் இருக்காதே. இங்கே நானும் சமைக்கிறேன்.

கல் வைத்தாயிற்று. அக்டோபர் 27, ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு. நானும் ஜெபசீலனும் செந்தூர்பாண்டியும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் இருந்தோம். ஜெபசீலன் ஜெபம் பண்ணினார். நீளமாகப் பண்ணினார். நடுவில் உன் பேரைச் சொல்லி, உன் வேலைக்கும் வீட்டுக்கும் ஜெபித்தார். நான் எதுவும் அவரிடம் சொல்லவில்லை.

வெட்ட ஆரம்பிக்கும் முன் செந்தூர்பாண்டி சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு பேருன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

"ரெண்டு பேருதான்."

"எடம் கெடக்கே."

"கெடந்துட்டுப் போட்டும்."

அவர் அளவுகோலை வைத்து இரண்டு தடவை அளந்தார். வீட்டுக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். ஊரே வந்திருந்தது. ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கூட்டம், மெழுகுவர்த்தி, பூ. நான் ஒரு ஸ்டூல் கொண்டுபோய் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து பேர் நின்று கல்லை வாசித்தார்கள். ஸ்வீட்லின் யார், எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள். என் கொழுந்தியாள், அமெரிக்காவில் நர்ஸ் என்றேன். எப்போது வருவாள் என்று கேட்டார்கள். அதை நீதான் எழுத வேண்டும்.

படம் இணைத்திருக்கிறேன். அடிவரியைப் பெரிதாக்கிப் பார். செந்தூர்பாண்டி நம் இரண்டு பேருடைய எழுத்துகளையும் அகலமாக, நன்றாக இடைவெளி விட்டு வெட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொண்டுபோய்விட்டார். வாசல் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறையப் பேர் இருப்பது போலத் தெரிகிறது.

அன்புள்ள அத்தான்,
தேவசிகாமணி